நான் எழுதிய பிறந்தநாள்

ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தபோது நான் ஒரு தவறு செய்தேன். முதல் வகுப்பில் சேர வரும் பிள்ளைகளின் பிறந்த தேதியைப் பெற்றோரிடம் கேட்கவே மாட்டேன். மலை ஜனங்களுக்குத் தேதி எங்கே தெரியப்போகிறது என்று நானே முடிவு செய்து, எல்லோருக்கும் ஜூன் முதல் தேதி போட்டுவிடுவேன். பள்ளிக்கே ஒரே பிறந்தநாள் என்று அதைச் சிரிப்பாகவும் சொல்லித் திரிந்தேன்.

ஓய்வு பெற்றுப் போளூரில் இருக்கிறேன். போன வருடம் பழைய மாணவி ஒருத்தி தன் அம்மாவுடன் வந்தாள். இந்தியப் பெண்கள் கால்பந்தின் இரண்டாம் அணியில் கோல்கீப்பராகத் தேர்வாகியிருந்தாள். வெளிநாட்டில் சர்வதேசப் போட்டி. ஆனால் பாஸ்போர்ட் வரவில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி, பள்ளிச் சான்றிதழில் என்னுடைய ஜூன் முதல் தேதி. பத்து நாளில் சரியாகாவிட்டால் அவள் இடத்தில் வேறொருத்தி போவாள்.

அம்மா ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து பழைய ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்தார்.

"ஸ்கூல்ல சேக்க வந்தப்பவே இத மடியில வெச்சிருந்தேன் சார். நீங்க கேக்கவே இல்லியே."

குரலில் கோபமே இல்லை. என்னால்தான் தலை நிமிர முடியவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் மலையேறினேன். தவறு முழுக்க என்னுடையது என்று கைப்பட எழுதிக் கொடுத்து, பள்ளிப் பதிவேட்டைத் திருத்தச் சொல்லி அலுவலகம் அலுவலகமாக அலைந்தேன். பாஸ்போர்ட் அலுவலகத்துப் பெண் அதிகாரி, கேட்காமலேயா எழுதினீர்கள் என்று வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி கேட்டார். ஆமாம் என்றேன். என் பின்னால் நின்ற மாணவி சொன்னாள்:

"எங்க கிளாஸ்ல முப்பது பேரும் ஒரே நாள்ல பொறந்தவங்க மேடம்."

அந்த அதிகாரியே சிரித்துவிட்டார். விமானத்துக்கு இரண்டு நாள் முன்பு பாஸ்போர்ட் வந்தது.

ஜமுனாமரத்தூர் டீக்கடையில், அவள் அம்மாவோடு உட்கார்ந்து செல்போனில் ஆட்டம் பார்த்தேன். இரண்டு ஆட்டம் அவள் வெளியேதான் இருந்தாள். மூன்றாவதில் கடைசிப் பத்து நிமிடம் இறக்கினார்கள். பாய்ந்து ஒரு பந்தைத் தட்டிவிட்டாள். கடையே கை தட்டியது.

"பந்த வெளிய தள்றதுக்கா சார் இவ்ளோ தூரம் போனா?" என்றார் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

இப்போது ஒரு நோட்டுடன் மற்ற பிள்ளைகளின் வீடுகளுக்கும் போய்க் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை பதினாறு வீடுகள். ஒரு தாய்கூடத் தேதி தெரியாதென்று சொல்லவில்லை. தெரியாமல் இருந்தவன் நான் ஒருவன்தான்.