நடவு நேரத்துக் கீமோ

தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில், மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குக் கீமோ பற்றி விளக்கிச் சொல்வது என் வேலை. பொறுமை வேண்டிய வேலை; எனக்கு அது கொஞ்சம் கம்மி. கூட வரும் ஆண்கள் குறுக்கே பேசினால், “ஊசி உங்களுக்கா, அவங்களுக்கா?” என்று கேட்டுவிடுவேன்.

பாபநாசம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. மருந்தை வாராவாரம் கொஞ்சமாக ஏற்றலாம், அல்லது மூன்று வாரத்துக்கு ஒருமுறை கூடுதலாக ஏற்றலாம், இரண்டும் சரிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எதில் என்ன சிரமம் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார்.

“தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு சிஸ்டர், சாண் என்ன முழம் என்ன? நடவுக்கு எது தோதுப்படும்னு மட்டும் சொல்லுங்க.”

குத்தகை நிலம், அவர் பெயரில் பதிவானது. நிலத்துக்காரரின் வாரிசுகள் அதை மனை போட்டு விற்கத் துடித்தார்கள்; குத்தகையை ரத்து செய்யச் சொல்லி வழக்கும் போட்டிருந்தார்கள். இந்தப் போகம் நடவு நடக்காவிட்டால் தரிசு என்று சொல்லி எடுத்துக்கொள்வார்களாம். ஆட்சி மாறி மாறி வந்தும் அந்த வழக்கு மட்டும் தீரவில்லை. அவரே பயிர் வைக்கிறார் என்பதற்குச் சாட்சியாக, அவர் இறங்கி நடுவதை ஊர் பார்க்க வேண்டும்.

மூன்று வார முறையையே எடுத்துக்கொண்டார். சேற்றில் இறங்கக் கூடாது என்று மன்றாடினேன். “கரையில நின்னு பாத்துக்கறேன்” என்றார். உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும், காய்ச்சல் வந்தால் உடனே வந்துவிட வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். தலையாட்டினார். அடுத்த ஊசிக்கு வரவில்லை.

அறுவடை முடிந்ததும் அவர் கணவர் வந்தார். நிலம் கைவிட்டுப் போகவில்லை என்றார். மனைவி இறந்துபோனதை அதற்குப் பிறகுதான் சொன்னார். நட்டுவிட்டு வந்த அன்று சாயங்காலமே காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டாராம்.

“காச்சல்னா வரச் சொன்னாங்களேன்னு நான் கேட்டேங்க. நடவு நட்டா யாருக்குத்தான் காச்சல் வரல, இதுக்கெல்லாமா தஞ்சாவூருக்கு ஓடுவாங்கன்னு சிரிச்சா.”

நானும் வயல்காட்டு ஊரில் பிறந்தவள்தான். நடவு முடிந்து காய்ச்சலில் முனகிக்கொண்டு படுத்துக் கிடக்கும் பெண்களைப் பார்த்தே வளர்ந்தவள். ஆனாலும், அந்தக் காய்ச்சலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன் என்று சொல்ல எனக்குத் தோன்றவேயில்லை.