நீலக் கட்டம் போட்ட சட்டை

ஒருவர் உடுத்திய துணியை இன்னொருவர் உடுத்தினால் என்ன குறைந்துபோகும் என்று ஊரெல்லாம் கேட்டுத் திரிந்தவள் நான். சாய்பாபா காலனியில் எங்கள் அபார்ட்மென்ட் ஹாலில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிமாற்றுச் சந்தை நடத்துவேன். வீட்டில் சும்மா கிடக்கும் நல்ல துணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பிடித்த வேறொன்றை எடுத்துப்போகலாம். புதிதாக வாங்கிக் குவிப்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. பிடித்து உட்காரவைத்து, நொய்யல் ஆற்றில் கலந்த சாயத்தண்ணீரைப் பற்றி அரைமணி நேரம் பேசாமல் விடமாட்டேன்.

ஒருமுறை ஒரு பெண்மணி ஒரு சேலையை எடுத்துப் பார்த்து, "ஏனுங்க, இது செத்தவங்க துணியா இருக்காதுங்களே?" என்றார். "துணிக்குச் சாவெல்லாம் தெரியாதுங்க அம்மணி" என்று எல்லோர் முன்னாலும் வெட்டிவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. அன்றைக்கு எனக்கு அது பெருமையாக இருந்தது.

போன வருஷம் என் கணவர் புற்றுநோயில் போய்விட்டார். பெருந்துறையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர். காலர் நைந்தால் திருப்பித் தைத்து இன்னும் இரண்டு வருஷம் போடுகிற மனிதர். கருமாதி முடிந்ததும் அவர் துணிகளை ஆற்றில் விட்டுவிடச் சொன்னார்கள். நான் விடவில்லை. அவர் சட்டையை யாராவது போட்டுக்கொண்டு தெருவில் நடக்க வேண்டும். எனக்கு அது வேண்டியிருந்தது.

அவருக்குப் பிடித்த நீலக் கட்டம் போட்ட சட்டையை என் தம்பியிடம் நீட்டினேன். அவர் இருந்தபோது கேட்காமலே எடுத்துப் போட்டுக்கொண்டு போவான்.

"வேண்டாங்க்கா. ஊட்டுல சங்கடப்படுவாங்க" என்றான், சட்டையைத் தொடாமல்.

அடுத்த சந்தையில் அதை மேசையில் வைத்தேன். ஓர் இளைஞர் மார்பில் வைத்து அளவு பார்த்துவிட்டு, "யாருதுங்க இது?" என்றார்.

"எங்க ஊட்டுக்காரருதுங்க. தவறீட்டாருங்க."

அவர் சட்டையை மடித்து வைத்துவிட்டுக் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். ஆத்திரம் வந்தது. யாரைத் திட்டுவது? நான் முகம் சுண்டவைத்த அந்தப் பெண்மணிதான் நினைவுக்கு வந்தார்.

அதற்கடுத்த மாதம், காரமடையிலிருந்து வந்திருந்த ஒருவர் அதே சட்டையை எடுத்து, அதே கேள்வியைக் கேட்டார்.

"எங்க ஊட்டுக்காரருதுங்க" என்றேன். "இப்பப் பத்தறதில்லீங்க."

அவர் சிரித்தார். "உடம்பு போட்டுட்டாராட்ட இருக்குதுங்க."

"ஆமாங்க. போதும்னாக் கேக்கறதில்லை. இன்னொரு தோசை ஊத்தும்பாருங்க."

கடைசி மாதம் அவருக்கு அரை இட்லிகூட இறங்கவில்லை.

அந்த மனிதர் பனியன்மேல் சட்டையை அங்கேயே மாட்டிக்கொண்டு கிளம்பினார். நீலக் கட்டம் கேட்டைத் தாண்டிப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை முட்டியது. பொய் சொன்னதற்காக இல்லை. அவர் இன்னும் இரண்டு வார்த்தை கேட்டிருந்தால், நானும் இன்னும் கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.