திரைக்கு நாலு வார்த்தை

பள்ளி வேன் ஓட்டுபவருக்குக் காத்திருப்பதுதான் பாதி வேலை. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மாலைவரை பள்ளி வாசலில் கிடக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் சீட்டாடுவார்கள். இவர் கைபேசியில் கதை படிப்பார். மாதச் சந்தா கட்டினால் எத்தனை புத்தகம் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று மகள்தான் சேர்த்துவிட்டாள். வாரத்துக்கு மூன்று நாவல் போகும். சாப்பிட உட்கார்ந்தால் மனைவிக்குக் கதை சொல்லாமல் எழ மாட்டார். வேன் ஓட்டுவதிலும் அதே கவனம், இருபத்திரண்டு வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது.

போன மாதம் ஒன்று விழுந்தது. பத்தே நாளில் இன்னொன்று.

"ஸ்கூல் கேட் தூணைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தி வச்சுட்டானுங்க" என்றார். மனைவியும் சிரித்துவைத்தாள்.

அன்று காலை காபி டம்ளரை வைத்தபடி அவள்தான் ஆரம்பித்தாள். "ஏங்க, ரெண்டு மாசமா ஒரே புத்தகத்தைக் கட்டி அழுறீங்க. இதுக்கு எதுக்கு சந்தா? தண்டம். அந்த ஒண்ணைக் கடையில வாங்கிட்டாப் போச்சு."

"கடைப் புத்தகத்துல எழுத்தைப் பெருசாக்க முடியுமாடி?" சொன்னவர் சட்டென்று குளிக்கப் போய்விட்டார்.

சந்தாவை நிறுத்திவிடலாம் என்று அவர் கைபேசியை எடுத்தாள். புத்தகம் திறந்தே கிடந்தது. திரை முழுக்க நாலே வார்த்தை. விரலால் தள்ளினாள். இன்னும் நாலு. ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் தண்டி.

தண்டம் என்று அவள் சந்தாவை நிறுத்தப் போனதுதான் இவரைக் காட்டிக்கொடுத்தது. எழுத்தைப் பழைய அளவுக்குச் சுருக்கிவைத்துக் காத்திருந்தாள்.

"இதைப் படிங்க. படிச்சுட்டா சந்தா இருக்கட்டும்."

துண்டோடு நின்றவர் கைபேசியை மூக்குக்கு அருகே கொண்டுபோனார், சாய்த்தார், ஜன்னல் பக்கம் திரும்பினார். "அவன் கதவைத் திறந்து..." என்று இழுத்தார்.

திரையில் இருந்த பக்கத்தில் கதவு என்ற வார்த்தையே இல்லை.

"டாக்டர்கிட்ட போனா லைசென்ஸ் போயிடும்" என்றார் மெதுவாக. "பழகின ரோடுதானே. முன்னாடி வண்டி நின்னா நானும் நிக்கிறேன்."

"புள்ளைங்க?"

"பதினோரு பேரும் ஏறிட்டாங்களான்னு குரலை வச்சு எண்ணிக்குவேன்." துண்டின் நுனியைத் திருகினார். "ஒண்ணு மட்டும் வாயே திறக்காது. அதுதான் கஷ்டம்."

அவள் ஆணியில் தொங்கிய வேன் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கைபேசி அவர் கையிலேயே அடித்தது. உற்றுப் பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினார்.

முதல் நிறுத்தத்திலிருந்து ஒரு பிள்ளையின் அம்மா. "அக்கா, வேன் கிளம்பிடுச்சா? புள்ள ரோட்டோரம் நிக்கிது."

"உள்ள கூட்டிட்டுப் போம்மா. இன்னைக்கு நீங்களே கொண்டுபோய் விட்டுடுங்க" என்றாள்.

"நாளைக்கு?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் சுவரைத் தடவி ஆணியைத் தேடிக்கொண்டிருந்தார்.