பிறிஜெற் அக்கா பதிந்த உறுமல்

அக்காவின் முப்பத்தோராம் நாள் பூசைக்கு ஒரு நினைவு மலர் அச்சடிக்க வேண்டும் என்றார்கள். எல்லா மலர்களிலும் வருவதுபோல "அன்பே உருவானவர்" என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அக்கா அப்படிப்பட்டவர் அல்ல. கோபக்காரி. வேலையில் சின்னப் பிழையும் பொறுக்கமாட்டார். அவர் விட்ட ஒரே பெரிய பிழையைப் பற்றித்தான் நான் எழுதப்போகிறேன்.

பிறிஜெற் அக்கா காது சோதிப்பவர். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்த கிளினிக்கில் பதினொரு வருடம் வேலை செய்தார். பேச்சு வராத பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு வருவார்கள். அக்கா ஹெட்போன் மாட்டிச் சோதிப்பார். பிள்ளைகளின் குரலையும் பதிவு செய்வார். கிளினிக்கின் பின்சுவரை ஒட்டித்தான் ரயில் பாதை. ரயில் வந்தால் சுவரே அதிரும். அந்த அதிர்வு பதிவில் ஏறாமல் இருக்க, ஒலிப்பதிவுக் கருவியின் பக்கத்தில் ஒரு சிறிய சுவிச் இருந்தது. அதைப் போட்டால் மிகத் தாழ்ந்த சத்தம் எதுவும் உள்ளே போகாது. முதல் வாரத்தில் அக்கா அதைப் போட்டார். பிறகு ஒருநாளும் தொடவில்லை.

தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் வேலை செய்த மிருக வைத்தியர் திலகரத்ன, தன் மகளின் காதைக் காட்ட ஒருநாள் கிளினிக்குக்கு வந்தார். அப்படித்தான் இது தொடங்கியது. வெளிநாட்டில் சிலர் புலிகளின் குரலையும் செவியையும் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். காடுகளில் புலிகள் குறைந்துகொண்டே போகின்றன. ஒரு புலி இன்னொன்றை எவ்வளவு தூரத்திலிருந்து கேட்கிறது, எப்படி அழைக்கிறது என்று தெரிந்தால், மறைந்து வாழும் புலிகளைக் குரலை வைத்தே எண்ணலாம். கூட்டில் வளர்பவற்றை இணை சேர்க்கவும் உதவும். அவர்களுக்குப் பல நாட்டுப் புலிகளின் பதிவுகள் தேவைப்பட்டன. தெஹிவளையில் ஷீலா என்று பதினேழு வயதுப் பெண்புலி ஒன்று இருந்தது. அந்த வயதிலும் அது பக்கத்துக் கூட்டு ஆண்புலியை அழைக்கும், அதுவும் பதில் சொல்லும்.

பல்லுக்கு மருந்து கட்ட ஷீலாவை மயக்கிய நாளில், அக்கா அதன் தலையில் கம்பிகளை ஒட்டிக் காதைச் சோதித்துவிட்டு வந்தார்.

"அப்பா, கிழவிக்கு உங்களைவிட நல்லாக் காது கேக்குது."

அப்பா துறைமுகத்தில் முப்பது வருடம் பாரந்தூக்கி ஓட்டியவர். பாதிக் காது அங்கேயே போய்விட்டது.

"என்ன?" என்றார்.

அக்கா இன்னொரு தரம் கத்திச் சொன்னார்.

"ஓம் ஓம், புலிக்கு இலவசமாப் பார். பெத்த தகப்பனுக்குக் காது மிஷின் எப்ப வருமோ தெரியாது."

"வாங்கித் தந்தா மேசை லாச்சிக்குள்ள வைக்கிற ஆளுக்கு எதுக்கு மிஷின்?"

அது இரண்டாயிரத்து ஏழு, யுத்த காலம். எங்கள் வீடு இருந்த கொட்டாஞ்சேனையிலிருந்து தெஹிவளைக்குப் போவதற்குள் மூன்று இடத்திலாவது இறக்கிச் சோதிப்பார்கள். ஒரு தமிழ்ப் பெண்ணின் பையில் மைக்கும் கம்பிச் சுருளும் இருந்தால் என்ன கேள்வி வரும் என்று சொல்லத் தேவையில்லை. டொக்டர் திலகரத்ன முத்திரை குத்திய கடிதம் ஒன்று கொடுத்திருந்தார். அடுத்த வருடம் டிசம்பர் வரை செல்லுபடி. அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, அந்தக் கடிதம் மூன்றையும் அப்பா ஒரு பொலித்தீன் உறையில் போட்டு, அக்கா வெளிக்கிடும்போது தன் கையாலேயே கொடுப்பார்.

எட்டு மாதம் சனிக்கிழமைதோறும் கிளினிக் கருவியோடு போய் ஷீலாவின் குரலைப் பதிந்தார். எல்லாவற்றையும் வெளிநாட்டுக்கு அனுப்பினார். அடுத்த வருடம் மார்ச்சில் பதில் வந்தது. பதிவுகள் தெளிவாக இருக்கின்றன, ஆனால் தாழ்ந்த பகுதி முழுவதும் வெறுமையாக இருக்கிறது, அதைத்தான் நாங்கள் முக்கியமாகத் தேடுகிறோம், கருவியில் ஏதும் அடைப்பு இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள்.

அக்கா கருவியை எடுத்து மேசையில் வைத்தார். சுவிச்சைப் பார்த்தார். அது இன்னும் போட்டபடியே இருந்தது.

அதற்குள் ஷீலாவுக்குச் சிறுநீரகம் பழுதாகியிருந்தது. சாப்பாட்டை மணந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துவிடும். எப்போதாவது விடியும் நேரத்தில் மட்டும் இரண்டொரு தடவை அழைக்கிறது, இன்னும் சில நாள்தான் என்று டொக்டர் போன் பண்ணினார். அடுத்த நாள் காலையில் வாகனம் அனுப்புவதாகச் சொன்னார்.

நான் வேண்டாம் என்றேன். "ஒரு மிருகத்துக்காக விடியமுன்னம் வெளிய போற காலமா இது?"

"எட்டு மாசமா அது கத்தினது, தங்கச்சி. நான் அதின்ர வாயைப் பொத்தி வச்சிருக்கிறன்" என்றார் அக்கா.

நாலரைக்கு வாசலில் வான் வந்து நின்றது. வெள்ளை நிறம். அந்த நாட்களில் இருட்டில் வெள்ளை வான் வந்து நின்றால் ஆளைக் கடத்தத்தான் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அப்பா கதவைத் திறக்கவில்லை. மிருகக்காட்சிசாலைப் பெயர்ப்பலகையை ரோர்ச் அடித்துப் பார்த்து, சாரதியை இறங்கச் சொல்லி, டொக்டருக்குப் போன் பண்ணிக் கேட்ட பிறகுதான் அக்காவை விட்டார். அந்த அமளியில் பொலித்தீன் உறை மேசையிலேயே கிடந்தது. அரை மணி நேரம் கழித்துத்தான் அப்பா அதைக் கண்டார். அக்காவின் போனுக்கு அடித்தோம். பதிவுக்காக அதை நிறுத்தி வைத்திருந்தார். டொக்டரும் எடுக்கவில்லை.

"திரும்பி வரேக்க வான் இல்லை. கடுதாசி இல்லாமல் அந்தப் பெட்டியோட பிடிபட்டா?" என்றார் அப்பா. பிளாஸ்கில் தேத்தண்ணீரும் ஊற்றிக்கொண்டு முதல் பஸ்ஸுக்குப் போனார். நான் போகிறேன் என்றேன்.

"உனக்குச் சிங்களம் கதைக்க வராது. இரு."

ஆறே முக்கால் அளவில், காலி வீதியில், அப்பா இருந்த பஸ்ஸில் குண்டு வெடித்தது.

அந்த நேரம் அக்கா கூட்டின் முன்னால் குந்தியிருந்தார். ஷீலா எழுந்து கம்பியடிக்கு வந்து மூன்று தடவை அழைத்தது. ஆண்புலி பதில் சொன்னது. பிறகு ஷீலா சட்டென்று நிறுத்திக் காதை வடக்கே திருப்பியதாம். அக்காவுக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் சந்தோஷத்தில் இருந்தார். சுவிச்சை மறக்காமல் நிறுத்தியிருந்தார்.

அப்பாவின் அடக்கம் முடிந்து ஒன்பதாம் நாள் அந்தப் பதிவைக் கணினியில் போட்டுப் பார்த்தார். நானும் பக்கத்தில் நின்றேன். திரையில் புலியின் குரல் அடிமட்டம் வரை அடர்த்தியாக இருந்தது. அதற்குப் பிறகு சிறிய இடைவெளி. பிறகு தாழ்ந்த பகுதியில் மட்டும் ஒரு கரிய பொட்டு. அக்கா நேரத்தைப் பார்த்தார்: ஆறே முக்கால். விரலை அந்த இடத்திலேயே வைத்திருந்தார்.

"வெட்டிப்போட்டு அனுப்புங்கோ அக்கா" என்றேன்.

"இனி ஒண்டையும் வெட்டமாட்டன்."

முழுதாகவே அனுப்பினார். கடைசிச் சத்தம் எதனுடையது, வாகனமா என்று அவர்கள் கேட்டு எழுதினார்கள். விலங்கினுடையது அல்ல என்று மட்டும் பதில் போட்டார்.

டொக்டர் சொன்னதைவிட ஷீலா கூட நாள் இருந்தது; பிறகும் நான்கு காலைகள் அக்கா தெஹிவளைக்குப் போனார். ஷீலா அழைக்கவில்லை. நான்காம் நாளுக்கு அடுத்த நாள் செத்துப்போனது. அந்த நான்கு நாளும் அக்கா பழைய கடிதத்தையே கொண்டு போனார். அப்பாவின் சட்டைப்பையிலிருந்து எடுத்து, அடையாள அட்டையோடு வைத்தியசாலையில் எங்களிடம் தந்தது அது. உறை கிழிந்திருந்தது. கடிதத்தின் ஓரமெல்லாம் இரத்தம் மண்ணிறமாகக் காய்ந்திருந்தது. புதிதாக ஒன்று அடித்துத் தருகிறேன் என்று டொக்டர் எத்தனையோ தரம் சொன்னார். டிசம்பர் வரை செல்லும்தானே என்றார் அக்கா.

கடைசி நாள் நானும் கூடப் போனேன். வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில் ஒரு இளம் சிப்பாய் கடிதத்தை விரித்து, முகம் சுளித்து, இது என்ன கறை என்று சிங்களத்தில் கேட்டான்.

"தேத்தண்ணி" என்றார் அக்கா, அவனுடைய மொழியிலேயே. "அப்பா கொண்டு வரேக்க ஊத்துப்பட்டது."

அவன் கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துக் கொடுத்துவிட்டு எங்களைப் போகவிட்டான்.