எட்டரைக்கே காலியாகும் தொட்டி

இடது காதைக் குழாயோடு ஒட்டி, ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டுகிறார் ஜெபமாலை. “எட்டரைக்கே காலி!” என்று நிமிர்கிறார். தொட்டி காலியானதற்கு இவ்வளவு சந்தோஷப்படும் டேங்க் ஆபரேட்டரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வயது ஐம்பத்தெட்டு. இலுப்பூரை அடுத்த இஞ்ஞாசிப்பட்டியில் முப்பது வருடமாக மோட்டார் போடுகிறவர். ஊரின் ஜனத்தொகையை அவர் தண்ணீரில்தான் பார்ப்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆறு மணிக்குத் திறந்தால் ஏழரைக்குள் தொட்டி வறண்டுவிடும்; தெருவுக்குத் தெரு குடச்சண்டை. பிறகு மழை ஏமாற்றியது. திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வீடு வீடாகக் கிளம்பிப் போனார்கள். நான்கு வருடத்துக்கு முன் ஊரில் மிச்சம் நாற்பத்து மூன்று பேர். ஒருமுறை நிரப்பினால் மூன்று நாள் கிடந்தது. “தண்ணி பாசி புடிச்சுப் போச்சுங்க. நம்மளத் திட்டுறதுக்குக்கூட ஆளில்ல.”

அந்தக் கோடையில்தான் தலைமை ஆசிரியை தேவிப்ரியா அவரை நிறுத்திச் சொன்னார்: “மூணே புள்ளைங்கண்ணே. ஜூன்ல ஆள் சேரலன்னா பள்ளிக்கூடத்தை மூடிருவாங்க.”

மறுநாள் ஜெபமாலை சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராகக் கல்குவாரிக்குப் போனார். ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் அங்கே தகரக் கொட்டகைகளில், லாரித் தண்ணீரை நம்பிக் கிடந்தன. பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளைகள் புழுதியில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்து, வீட்டைப் பூட்டிப் போட்டுப் போனவர்களுக்கெல்லாம் போன் போட்டு, அந்தக் குடும்பங்களைக் குடிவைக்கக் கேட்டார். சிங்கப்பூரிலிருந்து லியோ இழுத்தான்: “யாரோ எவரோ... எப்படிண்ணே வீட்டை விடுறது?”

“தாது வருசப் பஞ்சத்துல இங்கிட்டு வந்த ஏழு குடும்பமும் யாரோ எவரோதாண்டா. ஒம் பாட்டனுக்குப் பாட்டன் அதுல ஒருத்தன். பூட்டி வச்சா கரையான்தான் குடியிருக்கும். சாவி எங்க இருக்கு, அதச் சொல்லு.”

லியோ சிரித்துவிட்டான். சாவி பங்குச் சாமியாரிடம் இருந்தது.

அப்படித் திறந்த வீடுகள் இன்றைக்குப் பதினொன்று. பள்ளியில் பத்தொன்பது பிள்ளைகள். குழாயடிச் சண்டையும் திரும்பிவிட்டது. போன மாதம் நான் போயிருந்தபோது, லியோ வீட்டில் குடியிருக்கும் மினதி நிறைமாத வயிற்றோடு வந்து நின்று, “மாமா, தண்ணி ஏன் லேட்டு?” என்று ஒடியா மொழி வாடையடிக்கும் தன் தமிழில் அதட்டினாள். ஜெபமாலை என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார். “கேட்டீங்களா? என்னா அதட்டு!”

நேற்று மினதி இலுப்பூர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினாள். ஏழு வருடத்தில் இந்த ஊருக்கென்று பிறந்த முதல் குழந்தை; பெண். ஆட்டோ தெருமுனையில் திரும்பியதும் வால்வுக் குழியிலிருந்து ஏறி வந்தார் ஜெபமாலை. சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்தார். ஓரமாக ஒதுங்கி நின்று, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்த கைலியை அவிழ்த்துக் கணுக்கால் வரை இறக்கிவிட்டார்.