பேசாதபோது எரிந்த ஆம்ப்ளிஃபையர்

எங்கள் ரேடியோ டெக்னீஷியனுக்கு நாங்கள் வைத்த பெயர் சராசரி. எதைக் கேட்டாலும் மீட்டரைக் காட்டி, "சராசரி சரியா இருக்கு, போய் வேலையப் பாருங்க" என்பார். பதினெட்டு வருஷ அனுபவம், சட்டைப் பையில் ஒரு ஸ்க்ரூடிரைவர், வாயில் எப்போதும் நக்கல். நல்ல மனிதர்தான், தப்பை ஒப்புக்கொள்ள மட்டும் வராது.

சுரங்கப்பாதை தோண்டும் வேலை. மேலே கட்டுப்பாட்டு அறையில், மைக்கின் முன்னால் நான். கீழே நாற்பது ஆட்கள். அவர்களுக்கு மேஸ்திரி சராசரியின் கூடப்பிறந்த தம்பி. தினமும் மூன்று மணிக்கு இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பாறையின் சத்தத்தைக் கேட்பார்கள். அப்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. பாறை அசைவதைக் காட்டும் கருவி என் மேசையில் இருக்கிறது. அது அசைவைக் காட்டினால் நான் ரேடியோவில் கத்துவேன், அவர்கள் ஓடி வருவார்கள்.

அந்த மாதம் மூன்று முறை, பத்து நிமிடம் முடிந்து நான் கூப்பிட்டபோது ரேடியோ செத்துக் கிடந்தது. அறையெல்லாம் கருகல் நாற்றம். மூன்று முறையும் அலையைப் பெருக்கிக் கீழே அனுப்பும் ஆம்ப்ளிஃபையர்தான் போயிருந்தது.

"நான் பேசாம இருந்தாதான் எரியுது சார்," என்றேன் சராசரியிடம். "மத்த நேரமெல்லாம் பேசிட்டேதான இருக்கேன், ஒண்ணும் ஆகல."

"அப்ப உங்க பேச்ச கேட்டுத்தான் அது உயிரோட இருக்குன்றீங்களா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான்காவதை மாட்டிய அன்று, என் நச்சரிப்பு தாங்காமல், அலையின் உச்சத்தைப் பிடித்துக் காட்டும் திரை ஒன்றை இணைத்தார். மூன்று மணி. கீழே இயந்திரம் நின்றது. நானும் மைக்கை விட்டேன். திரையில் ஊசி மாதிரி ஒரு கோடு எழுந்து மறைந்தது. அதே இடத்தில் மறுபடி எழுந்தது. சராசரியை மட்டும் காட்டும் மீட்டர் முள்ளோ அசையவே இல்லை. ஆளில்லாத வீட்டுக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவதுபோல் இருந்தது.

அவர் முகம் வெளுத்தது. "ஆயிரம் சின்ன அலை சேர்ந்து போகுது," என்றார் மெல்ல. "பேசுறப்ப ஒண்ணு ஏறும், இன்னொண்ணு இறங்கும். பேசலன்னா எல்லாம் ஒரே பூஜ்யத்த அனுப்புது, ஒண்ணா ஏறுது. அந்த உச்சத்த இது தாங்காது. அப்படி ஆகாம பூஜ்யத்தக் கலைச்சுப் போட ஒரு செட்டிங் இருக்கு."

"அது இப்ப?"

"போன மாசம் டெஸ்ட் பண்ண நான்தான் அணைச்சேன். திரும்பப் போடல."

அதைப் போட வேண்டுமென்றால் மேலேயும் கீழேயும் ரேடியோவை நிறுத்தித் திரும்ப இயக்க வேண்டும். அதுவரை கீழே ஒரு வார்த்தை போகாது. கருகல் வாசம் அதற்குள் வரத் தொடங்கியிருந்தது. பேசினால் தம்பிக்குப் பாறைச் சத்தம் கேட்காது. பேசாவிட்டால் ஆம்ப்ளிஃபையர் எரிந்து என் எச்சரிக்கை போய்ச் சேராது. அவர் மைக்கைப் பிடுங்கினார்.

"டேய் தம்பி, எல்லாரையும் கூட்டிட்டு வெளிய வந்துடு. ரேடியோவ நம்ப முடியாது. தப்பு என்னோடது."

கடைசி ஆள் வெளியே வரும்வரை நிறுத்தாமல் அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அன்று பாறை அசையவில்லை. தம்பி தலைக்கவசத்தைக் கழற்றியபடி அறைக்குள் வந்தான். நடந்ததையெல்லாம் நின்றபடியே கேட்டான்.

"அண்ணே, ரேடியோ செத்த அந்த மூணு நாளும் என் தலைக்கு மேல விரிசல் விடுற சத்தம் லேசா கேட்டுச்சு. ஆபத்துன்னா மேலேர்ந்து கூப்பிடுவாங்க, ரேடியோவ எங்கண்ணன்தான் பாத்துக்கிறான்னு சொல்லி, ஓடப் பாத்தவங்களையும் நான்தான் உக்கார வச்சேன்."