எஸ்தர் டீச்சர் அளந்த விரிசல்

நான் டோம்பிவிலியில் ஏறிய லோக்கல் ரயில் குர்லாவுக்கு முன்னால் மழைத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. எஸ்தர் டீச்சர் மாரடைப்பில் போய்விட்டார் என்று எங்கள் ஜியாலஜி துறையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். ஐயோ, மழைக்காலத்தில் போய்விட்டாரே என்றுதான் முதலில் தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும், அவரை அறிந்த உங்களிடம் நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பத்தொன்பது வருடம் ஒரே ஸ்டாஃப் ரூம். மாட்டுங்காவில் வளர்ந்த நான் துறைத் தலைவர். தாராவியில் வளர்ந்த அவர் முதலாண்டுக்குப் பாறையும் மண்ணும் நடத்துபவர். புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பிள்ளைகளைச் செம்பூர்க் குன்றுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். "பரீட்சைக்குத்தான்ல எரிமல வரும், வீட்டுக்கு மண்ணுதான் வரும்" என்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார்.

அந்தக் குன்றின் மேல், வீடுகளுக்கு நேர் மேலே, ஒரு விரிசல். இரு பக்கமும் ஆணி அடித்து, மழைக்காலம் முழுக்க வாரம் ஒருமுறை இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுதுவார். கறுப்புப் பாறைக்கு நடுவே சிவப்புக் களிமண் பட்டை ஒன்று ஓடுகிறது. விரிசல் வழியே இறங்கும் தண்ணீர் அதை வழுக்கலாக்கினால் மேலே இருப்பது மொத்தமும் நழுவும் என்பது அவர் கணிப்பு. அங்கே குடியிருப்பவர்களுக்கு மாற்று இடம் கேட்டு மனு எழுதினார். அதிகாரிகள் எங்கள் துறையின் கருத்தைக் கேட்டார்கள்.

நான் போய் அளந்தேன், மே மாதத்தில். முந்தைய மழைக்காலம் முடிந்தபோது அவர் குறித்திருந்த அதே அளவு. 'நகர்வு தென்படவில்லை' என்று துறையின் கடிதத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். களிமண் காய்ந்து இறுகிக் கிடக்கும் மாதம் அது. மண்சரிவுக்குத் தண்ணீர்தான் காரணம் என்று வருடா வருடம் பாடம் எடுத்த புத்தி எங்கே போயிற்றோ! எஸ்தர் டீச்சர் சண்டை போடவில்லை. "மழையில்லாம அது எப்படி சார் நகரும்? வேற எழுதிக் குடுங்க" என்றார். எனக்கு ரோஷம். பார்க்கலாம் என்றேன். மனு தள்ளுபடி ஆனது. அதற்குப் பிறகும் மதியம் அவருடைய டப்பாவிலிருந்து எனக்கு மீன்குழம்பு வந்தது, பாவி நானும் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் நானே குன்றேறினேன். மே மாதத்தைவிட விரிசல் இரண்டு விரல் அகலம் கூடியிருந்தது. இறங்கிவந்து முதல் வீட்டு முத்துலட்சுமி அம்மாளிடம், இன்றைக்கே காலி செய்யுங்கள் என்று கெஞ்சினேன்.

"டீச்சரும் இதத்தான் சொல்லுதாவ. பிள்ளையள தூக்கிக்கிட்டு எங்க போக? பயமில்லன்னு காலேஜ் பெரிய சாரே எழுதிக் குடுத்துட்டாராம்லா. ஆமா, டீச்சர் ஏன் வரல?"

அந்தப் பெரிய சார் நான்தான் என்பதை அன்றைக்கு மறைத்துவிட்டேன். டீச்சர் இல்லை என்பதையும் சொல்லவில்லை. மறுநாள் என் கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதிக்கொண்டு மனுவைத் தள்ளிய ஆபீஸுக்கே ஓடினேன். கவுன்டரில் இருந்தவர் படித்தார், நிதானமாக முத்திரை குத்தினார். "மழை முடியட்டும் சார், ஆள் அனுப்பி அளக்கச் சொல்கிறோம்" என்றார். நான் அங்கேயே கத்திவிட்டேன். வாட்ச்மேன் வந்து வெளியே கொண்டுபோய் விட்டார்.

டீச்சரின் நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. அவர் கடைசியாக எழுதிய அளவுக்குக் கீழே என் கையால் நான்கு அளவுகள் எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிது. முத்துலட்சுமி அம்மாள் இன்னும் அந்த வீட்டில்தான் சமைக்கிறார். இந்தக் கூட்டம் முடிந்ததும் யாராவது என்னோடு வாருங்கள். ஒற்றை ஆள் சொன்னால் குன்றில் இருப்பவர்கள் இறங்க மாட்டேன் என்கிறார்கள், அதுவும் அந்தப் பெரிய சார் நான்தான் என்று தெரிந்த பிறகு நான் சொன்னால்.